நாற்பத்தேழாம் எண்

முனைவர் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகியும் எனக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். கௌரவம் பெயரில் மட்டும்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. அப்படியொரு மே மாதத்தில் தோழி ஒருத்தி, மதுரையில் இருந்த ஒரு மருத்துவ ஆய்வு அறக்கட்டளைக்கு என்னை அனுப்பிவைத்தாள். “ஏதோ ஃபாரமைத் தமிழ்ல எழுதணுமாம். பக்கத்துக்கு இவ்வளவுன்னு தர்றாங்களாம், போய்ப் பாரு” என்றாள்.

அது மருந்துக் கம்பெனியும் இல்லை, மருத்துவமனையும் இல்லை. அரசிடமிருந்தும் நிதி அமைப்புகளிடமிருந்தும் பணம் பெற்றுக் கிராமங்களில் ஆய்வு நடத்தும், லாப நோக்கமில்லாத நிறுவனம். நான் எழுத வேண்டியிருந்தது சம்மதப் படிவம். ஆய்வு எதற்காக, என்ன செய்வோம், என்ன கெடுதல் வரலாம், என்ன நன்மை என்றெல்லாம் சொல்லிப் புரியவைத்து, பிறகு கையெழுத்து வாங்கும் தாள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று போனவள் மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். முதலில் மொழிபெயர்ப்பாளர், பிறகு ஒருங்கிணைப்பாளர், கடைசியில் ப்ராஜெக்ட் மேனேஜர்.

இதை எழுதக் காரணம் அங்கே எங்கள் ஆய்வில் சேர்ந்த ஒரு பெண். அவள் பெயரை எழுத முடியாது. ஊரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் பதிவேட்டில் அவளுக்கு இருந்த எண்ணைக்கூட மாற்றி, நாற்பத்தேழு என்று வைத்துக்கொள்கிறேன்.

*

முதல் வரைவை நல்ல தமிழில் எழுதியிருந்தேன். ‘தன்னார்வப் பங்கேற்பு’ என்றெல்லாம் போட்டிருந்தேன். களப்பணி செய்யும் ஆறு அக்காக்களுக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அவர்களில் மூத்தவர் மட்டும், “நல்லா இருக்கு மேடம், மேடையில பேசுற மாதிரி இருக்கு. ஆனா நம்ம பொண்ணுககிட்ட இப்பிடிச் சொன்னா, என்னமோ நிதி வசூல் பண்ண வந்திருக்காகன்னு நினைப்பாக” என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று பத்து நாளில் தெரிந்தது. படிவத்தைத் தமிழாக்கியபின், ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என் ‘தன்னார்வ’ போய்த் திரும்பியபோது ‘தொண்டர்’ ஆகியிருந்தது. ‘உங்களுக்கு இஷ்டம் இருந்தால் மட்டும் சேருங்கள்’ என்று மாற்றினேன்.

‘சப்ஜெக்ட்’ என்ற சொல் இன்னும் சிக்கல். ‘ஆய்வுக்கு உட்பட்டவர்’ என்று முதலில் எழுதினேன். உட்படுவதற்கும் பங்கேற்பதற்கும் உள்ள தூரம் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை அடித்துவிட்டுப் ‘பங்கேற்பாளர்’ என்று எழுதினேன். மூலத்தில் அப்படி இல்லையே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964இல் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே ‘சப்ஜெக்ட்’ என்றுதான் இருந்தது. 2024இல்தான் அதைப் ‘பங்கேற்பாளர்’ என்று மாற்றினார்கள். அறுபது ஆண்டுகள்.

‘யூஷுவல் கேர்’ என்பதை ‘வழக்கமான சிகிச்சை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். ஆய்வில் ஒரு குழுவுக்குப் புதிய முறை, இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது பின்னாளில் படித்தபோதுதான் உறைத்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றி மும்பையிலும், மகாராஷ்டிரத்தின் உஸ்மனாபாத்திலும், நம் திண்டுக்கல்லிலும் பெரிய ஆய்வுகள் நடந்தன. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கும் முறை உயிரைக் காக்கும் என்று திண்டுக்கல் ஆய்வு 2007இல் காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் மூன்று ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை அளிக்கப்படாத பெண்கள் 1,38,624 பேர். அவர்களில் 254 பேர் அந்தப் புற்றுநோயால் இறந்தார்கள் என்பது 2014இல் பெரிய விவாதமானது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது வழக்கமான சிகிச்சை. நம் ஊரில் அதற்கு வழக்கமாக ஒன்றுமில்லை என்று பொருள்.

*

நான் மேனேஜராகப் பார்த்த ஆய்வு எளிமையானது. பிள்ளை பெற்றுப் பாலூட்டும் பெண்களின் இரத்தசோகை பற்றியது. இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு விதமாகக் கொடுத்து, எது உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஆறு மாதம் பார்ப்பது. இரத்தசோகை இங்கே எவ்வளவு சாதாரணம் என்றால், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. பாதிக்கு மேல். சாதாரணமாகிவிட்டதால்தான் அது நோயாகத் தெரிவதில்லை. ‘அசதியா இருக்கு’ என்று ஒரு பெண் சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ப்ராஜெக்ட் மேனேஜர் வேலை என்ன என்று என் அம்மா கேட்டபோது, “கல்யாண வீட்டுல பந்தியப் பாத்துக்கிறவ வேலைம்மா” என்றேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குவது, ஆய்வை அரசின் பதிவேட்டில் பதிவது, பட்ஜெட், களப்பணியாளர்களின் பஸ் காசு, இரத்தக் குழாய்களை வெயிலில் கெடாமல் ஐஸ் பெட்டியில் லேபுக்கு அனுப்புவது, ஒவ்வொரு படிவத்திலும் தேதி சரியா, திருத்தத்தை ஒற்றைக்கோட்டில் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. எல்லாம் சரியாக நடந்தால் அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது. வீட்டு வேலை மாதிரி. முதன்மை ஆய்வாளர் ஆண். இரத்தம் எடுப்பவர்கள், வீடு வீடாகப் போகிறவர்கள், படிவம் நிரப்புகிறவர்கள் எல்லோரும் பெண்கள். கட்டுரை வந்தபோது எங்கள் பெயர்கள் நன்றி நவிலலில் இருந்தன. களப்பணியாளர்களுக்கு அதுவும் இல்லை. ‘களக் குழுவினருக்கு நன்றி’ என்று இருந்தது.

ஆனாலும் அந்த வேலையை நான் விரும்பினேன், அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். மருத்துவ ஆய்வு நெடுங்காலம் ஆண் உடம்பையே அளந்தது. பிள்ளை பெறும் வாய்ப்புள்ள பெண்களைப் புதிய மருந்துகளின் ஆரம்பக் கட்டச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1977இல் சொன்னது. அதை 1993இல்தான் மாற்றிக்கொண்டது. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பல ஆண்டுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கொடுத்துவந்தார்கள். மறுநாள் காலைவரை அது பெண்களின் இரத்தத்தில் தங்குகிறது என்று, 2013இல்தான் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆகவே ஒரு பெண்ணை ஆய்வில் சேர்ப்பதே பெண்ணிய வேலை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் ஒரு பேராசையை வளர்த்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. ஒரு பெண் ‘சரி’ என்று சொன்னால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சம்மதப் படிவத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி: ‘நீங்கள் எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், இதிலிருந்து விலகிக்கொள்ளலாம்.’ பால்வாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அதை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தி வாசிப்பேன். ஒருமுறை ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“காரணம் சொல்லாம வேணாம்னு சொல்லலாமா டீச்சர்? எங்க வீட்டுல காரணம் சொன்னாலே விடமாட்டாக.”

எல்லோரும் சிரித்தோம். அவள் ஒரு எச்சரிக்கையைத்தான் சொன்னாள். நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, பல இடங்களில் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன்.

*

நாற்பத்தேழு, மாதம் இத்தனை பேர் என்ற இலக்கு எட்டாமல் நாங்கள் தவித்த ஒரு மாதத்தில் சேர்ந்தவள். இருபத்திரண்டு வயது இருக்கும். கைக்குழந்தை. முதல் பரிசோதனைக்கு வந்தாள், இரண்டாவதற்கும் வந்தாள். மூன்றாவதற்கு வரவில்லை. போன் அணைந்திருந்தது. ஆய்வு விதிப்படி மூன்று முறை தேட வேண்டும். அதன்பிறகும் கிடைக்கவில்லை என்றால் பதிவேட்டில் ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ என்று எழுத வேண்டும். தமிழில் ‘தொடர்பு இழந்தவர்’ என்று நானே பெயர்த்திருந்தேன். யார் யாரை இழந்தார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை.

மூத்த களப்பணியாளர் அக்கா இரண்டு முறை போய்வந்தார். “மேடம், அவ ஊர்லதான் இருக்கா. என் சத்தம் கேட்டா கதவைச் சாத்திக்கிறா. விட்டுருவோம்” என்றார்.

விட எனக்கு மனமில்லை. நூறு பேர் தேவை என்றால், பத்துப் பேர் நடுவில் நின்றுவிடுவார்கள் என்று கணக்கிட்டுக் கூடுதலாகச் சேர்த்திருந்தோம். அந்தப் பத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். அதோடு எனக்கு ஒரு முன்மாதிரியும் இருந்தது. பயிற்சி வகுப்புகளில் நான் பெருமையாகச் சொல்லும் கதை அது. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். 1959இல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. ஊழியர்கள் நோயாளிகளின் வீடுதேடிப் போனதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணம். அந்த வீடுகளில் மாத்திரையை எடுத்துக்கொடுத்து, கஞ்சி வைத்து, எச்சில் பாத்திரத்தைக் கழுவியது யார் என்று நான் கேட்டதில்லை. வீடுதேடிப் போவது நல்லது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை நானே போனேன். நிறுவனத்தின் பெயர் எழுதிய ஜீப்பில். அந்தத் தெருவில் அது நுழைந்ததுமே பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தன. மாமியார் திண்ணையில் இருந்தார். “எத்தனை தடவை ரத்தம் எடுப்பீக? புள்ளைக்குப் பாலு வத்துது” என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். எடுக்கும் இரத்தம் ஒரு ஸ்பூன்கூட இருக்காது, பால் வற்றாது, இது அவள் உடம்புக்கு நல்லது. அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்து, “வர்றியாம்மா?” என்றேன்.

“வர்றேன்க்கா” என்றாள்.

அவள் வரவில்லை. ‘தொடர்பு இழந்தவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா சொன்னார். “உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் மேடம். நம்ம ஜீப்பு போன அன்னைக்கு ராத்திரி அவள அடிச்சிருக்கான் புருஷன். அவன்கிட்டச் சொல்லாமத்தான் அவ நம்மகிட்ட வந்துக்கிட்டு இருந்திருக்கா. மாமியாருக்குத் தெரியவும் நிறுத்திட்டா. தெருவே கூடவும் அவனுக்கு அவமானமாப் போச்சு. நீங்க குடுத்தீங்கள்ல அந்தத் தாளு, அதைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டானாம்.”

பிறகு பத்து நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினாளாம். கிராமச் செவிலியர் அவ்வப்போது போய்ப் பார்க்கிறாராம்.

நான் அவளுக்கு வாசித்துக் காட்டிய அந்த வரி ஞாபகம் வந்தது. எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அவள் அதைத்தான் செய்தாள். கதவைச் சாத்தியது அவள் சொன்ன ‘வேண்டாம்’. எங்கள் அக்காவுக்கு அது புரிந்தது. முனைவர் பட்டம் வாங்கிய எனக்குப் புரியவில்லை. தெருவின் முன்னால் நிறுத்தி அவளிடமிருந்து ஒரு ‘வர்றேன்’ வாங்கினேன். வீட்டில் அவளிடம் ‘சரி’ வாங்குகிறவர்கள் எப்படி வாங்குவார்களோ, அதேபோல.

*

ஆய்வில் பாதக நிகழ்வு என்று ஒரு படிவம் உண்டு. குமட்டல், மலச்சிக்கல், கறுப்பாக மலம் போவது என்று இரும்பு மாத்திரையால் வரக்கூடியதெல்லாம் அதில் வரிசையாக இருந்தன. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்ததற்காக அடி வாங்கினால் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மாத்திரையால் வந்தது இல்லையே என்றார் முதன்மை ஆய்வாளர். நம்மால் வந்தது சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்.

குழுவில் டாக்டர்கள் சட்டதிட்டங்களைப் பேசினார்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண மக்களின் சார்பில் உறுப்பினராக இருந்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஜீப்புல ஏம்மா போனீங்க?”

என்னிடம் பதில் இல்லை.

அதன்பிறகு, குழுவின் அனுமதியோடு சில மாற்றங்கள் செய்தோம். யோசனைகள் பெரும்பாலும் களப்பணி அக்காக்களுடையவை. வீட்டுக்கு ஜீப் போகக் கூடாது. தாளை வீட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பா என்று சேரும்போதே கேட்க வேண்டும். இல்லை என்றால் அவள் பிரதியை, அவள் சொல்லும் இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது என்று அவளிடமே கேட்க வேண்டும். முக்கியமாக, விலக நினைத்தால் எங்கள் எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் போதும். யாரும் திரும்பக் கூப்பிட மாட்டோம், வரவும் மாட்டோம். பதிவேட்டில் ‘தொடர்பு இழந்தவர்’ கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம்: ‘தேடியும் காணாதவர்’, ‘வேண்டாம் என்று தெரிவித்தவர்’.

அடுத்த மாதமே ஏழு மிஸ்டு கால்கள் வந்தன. அறிக்கையில் எங்கள் திட்டம் மோசமாகத் தெரிந்தது. நிதி கொடுத்தவர்கள் கேள்வி கேட்டார்கள். முதன்மை ஆய்வாளர் என்மேல் எரிச்சல்பட்டார். நான் எண்களை வைத்தே அவருக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன். “மாத்திரை ஒத்துக்காத பொண்ணுங்கதான் நின்னுபோறாங்கன்னு வைங்க சார். அவங்களைக் காணாமப்போனவங்கன்னு எழுதிட்டு, மிச்சம் இருக்கிறவங்களை வெச்சு மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்குதுன்னு எழுதினா அது பொய்யாகிடுமே. யார் வேண்டாம்னு சொன்னாங்கன்னு தெரியறதும் ஆய்வுதானே.” அவர் அதை ஏற்றுக்கொண்டார். மாத இலக்கைக் குறைத்து, ஆய்வுக் காலத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதினார். அதற்கான பணம் முழுதும் கிடைக்கவில்லை. இரண்டு களப்பணியாளர்களைக் கடைசி மூன்று மாதம் அரைச் சம்பளத்தில் வைத்திருந்தோம். சரியான காரியத்தின் செலவும் அங்கேதான் போய் விழுந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

*

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போகாதீங்க மேடம். மன்னிப்புக் கேக்குறதுக்கும் அவ வாசப்படியிலதான போயி நிக்கணும்?”

நான் போகவில்லை. அவளைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்து, நான்கு வரியோடு நிறுத்திவிட்டேன். அவளிடம் மறுபடி எதையோ எடுப்பதுபோல இருந்தது. இந்தக் கட்டுரையையும் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். இதில் அவளைப் பற்றி எழுதியிருப்பதைவிட என்னைப் பற்றி எழுதியிருப்பது அதிகமாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டேன்.

நிரந்தர வேலை கிடைத்துக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். இப்போது வேறொரு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில், அந்த ஆசிரியை அம்மா உட்கார்ந்திருந்ததுபோன்ற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அதில் ஒரு பெண் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பெண்ணின் சம்மதத்துக்குப் பதிலாகக் கணவனின் அனுமதியை ஒருபோதும் ஏற்கக் கூடாது என்று, மருத்துவ அறிவியல் அமைப்புகளின் சர்வதேசக் கவுன்சில் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கூட்டத்தில் டாக்டர்கள் மருந்தின் அளவைப் பற்றியும் எத்தனை பேர் தேவை என்பதைப் பற்றியும் கேட்பார்கள். என் முறை வரும்போது நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்: “அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்ல நினைச்சா, என்ன வழி வெச்சிருக்கீங்க?”

படிவத்தில் போட்டிருக்கே மேடம் என்பார்கள். பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல்.

“அது சரி. அவ வீட்டுல இருந்து எப்படிச் சொல்லுவா?” என்று மறுபடி கேட்பேன்.